வயிற்றில் ஓர் ஓட்டை: போர் நிலங்களுக்குச் சரக்கு கொண்டுபோன ஆண்டுகளில் கற்றவை

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனி விலகாத ஓர் அதிகாலையில், பாக்தாதில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய எங்கள் இல்யூஷின் 76 விமானம் ஷார்ஜாவில் நின்றதும், வழக்கம்போல டார்ச் விளக்கோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடப்பக்கச் சக்கர அறையை மூடும் தகட்டில், என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் விளிம்பில் வண்ணப்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உலோகம் உள்நோக்கி மடிந்திருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் குழாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, ஒரு தாங்கியில் மோதிச் சப்பையாகிப்போன துப்பாக்கிக் குண்டு கிடந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. எங்களைக் குறிவைத்துச் சுட்டார்களா, யாரோ கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டது வழியில் எங்கள் மேல் பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொறியாளர் பதிவேட்டைத் திறந்து எழுதப் போனார். எங்களை அமர்த்தியிருந்த நிறுவனத்தின் மேலாளர் அவரைத் தடுத்தார். போர் அபாயக் காப்பீடு என்பது சாதாரண விமானக் காப்பீட்டில் சேராது. தனியாக எடுக்க வேண்டும். காப்பீட்டாளர் ஏழு நாள் அறிவிப்பில் அதை ரத்து செய்துவிடலாம். ஓட்டையை எழுதினால் பிரீமியம் ஏறும், அல்லது காப்பீடே போகும், இரண்டில் எது நடந்தாலும் ஒப்பந்தம் கைநழுவும் என்பது அவருடைய கணக்கு. அலுமினிய நாடாவை ஒட்டி, அதன்மேல் சாம்பல் வண்ணம் தீட்டி, காலை எட்டு மணிக்குள் விஷயத்தை முடித்துவிட்டார்கள். அன்றிரவே வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே பாதையில், ஏறத்தாழ அதே நேரத்தில் பாக்தாத் போகவிருந்தது. அதன் விமானப் பொறியாளர் எனக்குப் பழக்கமானவர். மாலையில் சரக்கு முனையத்துக்கு எதிரே உள்ள மலையாளி தேநீர்க் கடையில் அவரைப் பார்த்தேன், நலம் விசாரித்தேன், ஊருக்குப் பணம் அனுப்பியாகிவிட்டதா என்றுகூடக் கேட்டேன். ஓட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த விமானம் பத்திரமாகத் திரும்பியது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் இந்தத் தொழிலில் நான் பார்த்த விபத்து அறிக்கைகளையும் நானே சிக்கிக்கொண்ட இக்கட்டுகளையும் அடுக்கிப் பார்க்கும்போது, அந்தத் தேநீர்க் கடை மௌனம்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. போர் நிலத்துக்குப் போகும் சரக்கு விமானத்தைப் பெரும்பாலும் அழிப்பது எவருமே அறியாத ஆபத்து அல்ல; முதல் விமானம் அறிந்து, இரண்டாவது விமானத்துக்குச் சொல்லப்படாத ஆபத்து.

திருநெல்வேலியிலிருந்து 1998இல் ஷார்ஜா போய், சரக்குக் கொட்டகையில் எடை பார்ப்பவனாகச் சேர்ந்து, பின்னர் விமானத்தோடே பறக்கும் லோட்மாஸ்டராக ஆனவன் நான். எந்தச் சுமையை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது, எடைமையம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதும், இறங்கிய இடத்தில் அதை விரைவாக வெளியேற்றுவதும் லோட்மாஸ்டரின் வேலை. ஈராக்கில் 2003 போருக்குப் பின்னும், சோமாலியாவிலும், தெற்கு சூடானிலும், பயணிகள் விமானங்கள் போக மறுத்த காலங்களில் நாங்கள் போனோம். மின்னாக்கி, மருந்து, குடிநீர்ப் புட்டிகள், தேர்தல் வாக்குச்சீட்டு, கூடாரம், ஒருமுறை நாற்பது டன் பிஸ்கட் என்று எல்லாவற்றையும் கொண்டுபோனோம். பயணிகள் இல்லை என்பதாலேயே எங்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. ஏழெட்டுப் பேர் கொண்ட விமானக் குழு எந்த அபாயக் கணக்கிலும் பெரிய எண்ணாகத் தெரிவதில்லை.

ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதை எனக்கு முதலில் விளக்கியவர், கொட்டகையில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். அவருடைய ஊர் பலாலி விமானத் தளத்துக்கு அருகில் இருந்தது. 1995 ஏப்ரல் இறுதியில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு ஆவ்ரோ ராணுவ விமானங்கள் பலாலிப் பகுதியில் ஏவுகணையால் வீழ்ந்ததையும், 1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட அன்டனோவ் 24 பயணிகள் விமானம் 55 பேரோடு கடலில் விழுந்ததையும் அவர் செய்தியாக அறிந்தவர் அல்லர். அதில் போன ஒருவரை அவருக்குத் தெரியும். பாக்தாதுக்கு முதன்முறையாகப் போகும் முன்பு அவரிடம் சொன்னபோது, "மேல போயிட்டா ஒண்டுமில்லைத் தம்பி. இறங்கேக்கையும் ஏறேக்கையும்தான் பயம்" என்றார். பின்னாளில் நான் படித்த கையேடுகள் எல்லாம் இதையே நீட்டிச் சொன்னவைதான்.

கணக்கு எளிமையானது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை, அதன் ரகத்துக்கு ஏற்ப, சுமார் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் அடி வரை எட்டும். ஒரு விமானம் வழக்கமான மூன்று பாகைச் சரிவில் பத்தாயிரம் அடியிலிருந்து தரைக்கு இறங்கினால், ஏறத்தாழ 58 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த எல்லைக்குள் பறந்தாக வேண்டும். அந்த 58 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் தோப்பு, கூரை, லாரி, வாய்க்கால் எல்லாவற்றையும் எந்தப் படையாலும் காவல் காக்க முடியாது. விமான நிலைய வேலிக்குள் மட்டுமே ஓரளவு காவல் இருக்கும். ஆகவே பாக்தாத் போகும் விமானங்கள் நிலையத்துக்கு நேர் மேலே உயரத்தில் வந்து, அங்கிருந்து கிணற்றுச் சுவரை ஒட்டி இறங்குவதுபோலச் சுற்றிச் சுற்றி, வேலியைத் தாண்டாமல் இறங்கின. ஏறும்போதும் அப்படியே. இல்யூஷினின் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டர் ஒவ்வொரு ஆயிரம் அடியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். எனக்குத் தெரிந்த ரஷ்ய எண்கள் அவ்வளவும் அந்தச் சுற்றுகளில் கற்றவைதான்.

அந்தச் சுற்றல் யாருடைய வீரசாகசமும் அல்ல. விலை கொடுத்துப் படித்த பாடம். 2003 நவம்பர் 22 அன்று, டிஎச்எல் நிறுவனத்துக்காகப் பறந்த ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் பாக்தாதிலிருந்து பஹ்ரைனுக்குப் புறப்பட்டு, எட்டாயிரம் அடியை எட்டியபோது இடது இறக்கையில் ஏவுகணை பட்டது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே அந்த நிலையத்தைச் சுற்றி ராணுவ விமானங்கள்மீது ஏவுகணைகள் விடப்பட்டிருந்தன. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போக, இறக்கை எரிந்துகொண்டிருக்க, கைப்பிடியோ மிதிகட்டையோ எதுவுமே வேலை செய்யாத நிலையில், விமானக் குழுவின் மூவரும் இரு என்ஜின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டு, அதே நிலையத்தில் இறக்கினார்கள். ஓடுபாதையைவிட்டு மணலுக்குள் ஓடி, முள்கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டு நின்ற அந்த விமானத்திலிருந்து மூவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தாக்கப்பட்ட வெளிப்புறத் தொட்டி எரிபொருளால் நிறைந்திருந்ததால் உள்ளே ஆவி சேர இடமில்லாமல், அது வெடிக்காமல் தப்பியது. இந்தச் சிறு விவரத்தை விமானிகளைவிட எரிபொருள் போடுபவர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எரிபொருளைப் பற்றி இன்னொன்றும் உண்டு. போர் நிலத்தில் எரிபொருள் வாங்காதிருப்பது நல்லது; திரும்பும் அளவுக்குச் சேர்த்தே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஐந்தாறு டன் சரக்கைக் குறைக்க வேண்டும் என்றால் வாடகைக்கு எடுத்தவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். எரிபொருள் வண்டிக்காகக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரம் விமான நிறுத்துமிடத்தில் அசையாத இலக்காக நிற்கும் நேரம். தவிர, அந்த வண்டியில் வந்தது எந்தத் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்பதற்கும் அங்கே உத்தரவாதம் கிடையாது. வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் பாக்தாதின் பிற்பகல் வெப்பம் 45 பாகைக்கு மேல் போகும்போது காற்று மெலிந்துவிடும். அதே எடையோடு விடியற்காலையில் குத்திட்டு ஏறும் விமானம் பிற்பகலில் தவழ்ந்துதான் ஏறும். ஏவுகணை எல்லைக்குள் கழியும் நேரம் அவ்வளவு நீளும்.

ஆனால் சுற்றி இறங்குவதற்கு என்று ஒரு விலை இருக்கிறது. அதைக் கட்டுபவன் லோட்மாஸ்டர். விமானம் 45 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல 1.4 மடங்கு கனக்கும். பத்து டன் மின்னாக்கி பதினான்கு டன்னாக நடந்துகொள்ளும். ஸ்ட்ராப்பின் மேல் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் அது நேராக இழுக்கும்போது மட்டுமே உண்மை. தரையோடு 60 பாகைக் கோணத்தில் கட்டினால், முன்னும் பின்னுமான இழுப்புக்கு அதில் பாதிதான் மிஞ்சும். இருபது ஸ்ட்ராப் கட்டியிருக்கிறோம் என்று எண்ணிக்கையைச் சொல்லி நிம்மதியடைபவரை நான் நம்புவதில்லை. எந்தக் கோணத்தில், எந்த வளையத்தில், எந்தத் திசைக்கு என்று அவர் சொல்ல வேண்டும்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம், எழும்பிய சில நொடிகளில் மூக்கை வானுக்கு நிமிர்த்தி, நின்று, அப்படியே விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். சுட்டு வீழ்த்தியது நாங்கள்தான் என்று தாலிபான் உரிமை கோரியது. உண்மையில் உள்ளே ஏற்றியிருந்த ஐந்து கவச வண்டிகளில் குறைந்தது ஒன்று கட்டறுத்துப் பின்னால் உருண்டு, பின்சுவரை உடைத்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வாலின் கிடைத்தளத்தை இயக்கும் பொறியையும் நொறுக்கியிருந்தது. அமெரிக்க விசாரணை வாரியத்தின் அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத பகுதி, குரல் பதிவில் இருந்தது: முந்தைய பயணத்திலேயே ஒரு ஸ்ட்ராப் அறுந்து கிடந்ததையும் சுமை அசைந்திருந்ததையும் அந்தக் குழு பார்த்திருந்தது, பேசியும் இருந்தது. அறுந்ததை மாற்றிக் கட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். அறுந்த ஒரு ஸ்ட்ராப்பும் என் சுண்டுவிரல் ஓட்டையும் ஒரே வகைச் செய்தி. இத்தகைய தனிச்சுமைகளைக் கட்டுபவர்களுக்கு முறையான சான்றிதழ் வேண்டும் என்று வாரியம் அந்த விபத்துக்குப் பிறகுதான் பரிந்துரைத்தது. அதுவரை விமானியிடம், பொறியாளரிடம், ஏன் பயணக் கட்டுப்பாட்டாளரிடமும் உரிமம் கேட்ட சட்டம், 12 டன் வண்டியைக் கட்டுபவனிடம் எதையும் கேட்கவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. வழியில் எங்காவது இறங்கினால், சரக்கை இறக்காவிட்டாலும், ஒவ்வொரு ஸ்ட்ராப்பையும் கையால் தட்டிப் பார்ப்பேன். இறுக்கமான ஸ்ட்ராப் தவில் தோல்போலச் சத்தம் கொடுக்கும். தளர்ந்தது மௌனமாகத் துவளும். ஒன்று அறுந்திருந்தால் அதற்குப் பதில் இன்னொன்று கட்டுவதோடு நிறுத்தாமல், அது ஏன் அறுந்தது என்று தெரியும்வரை கதவை மூடமாட்டேன். இதற்காக ஒரு தலைமை விமானி என்னை விமானத்தைவிட்டு இறக்கிவிடுவதாக மிரட்டியிருக்கிறார்.

எடை பொய்யாகவே வரும் என்று வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அவநம்பிக்கை அல்ல, அடிப்படை ஒழுக்கம். ஒருமுறை 'தண்ணீர்ப் பம்பு உதிரி பாகம்' என்று சீட்டு ஒட்டிய பத்து மரப்பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் 1,600 கிலோ என்று தாளில் இருந்தது. முட்கரண்டி வண்டி முதல் பெட்டியைத் தூக்கியபோது அதன் பின்சக்கரம் தரையைவிட்டு லேசாக எழும்பியதைக் கவனித்தேன். தராசில் வைத்தால் 2,000க்கு மேல் காட்டியது. பத்துக்கும் சேர்த்து நான்கு டன் தாளில் இல்லாத கனம். அந்த நான்கு டன்னை அறியாமல் விமானி வேகத்தைக் கணக்கிட்டிருந்தால், ஏறும் சரிவும், ஓடுபாதை நீளமும், எடைமையமும் எல்லாமே தப்பாகியிருக்கும். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அனுப்பியவர் திறக்க மறுத்து, லாரியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே என்ன இருந்தது என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் வேறு யாருடைய விமானத்திலாவது ஏறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கொட்டகையில் இருந்த மற்ற நான்கு லோட்மாஸ்டர்களுக்கும் பெட்டியின் அடையாளத்தைச் சொன்னேன்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, விமானத்தின் பூர்வீகம். நீங்கள் கோதுமை மாவு ஏற்றிப் போகும் அதே விமானம் போன மாதம் ஒரு தரப்புக்குத் துப்பாக்கி ரவை கொண்டுபோயிருந்தால், எதிர்த்தரப்பின் கண்ணில் அது இன்னும் ரவை விமானம்தான். 2024 அக்டோபரில் சூடானின் டார்ஃபூரில் ஓர் இல்யூஷின் 76 சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி வந்தபோது, என்னிடம் ஆலோசனை கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொன்னது இதைத்தான்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வாலில் எழுதியிருக்கும் பதிவு எண் கடந்த ஆறு மாதம் எங்கெல்லாம் போனது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சோமாலியத் தலைநகர் மொகதிஷுவுக்கு வருகிறேன். 2007 மார்ச் 9 அன்று உகாண்டா அமைதிப்படையினரை ஏற்றிவந்த ஓர் இல்யூஷின் 76 அங்கே தீப்பற்றிய நிலையில் இறங்கியது. அதில் யாரும் சாகவில்லை. சேதமடைந்த அந்த விமானத்தைச் சரிசெய்யக் கருவிகளையும் பொறியாளர்களையும் ஏற்றிக்கொண்டு இன்னோர் இல்யூஷின் 76 போனது. வேலையை முடித்து, மார்ச் 23 அன்று புறப்பட்டு எழும்பியதும் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. பெலாரஸ் நாட்டவர் 11 பேர் இறந்தார்கள். அந்த விமானக் குழுக்களில் பலரை ஷார்ஜா ஓட்டல்களில் முகமறிவோம். செய்தி வந்த இரவில் எங்கள் குழுவின் நேவிகேட்டர் சாப்பாட்டு மேசையில் பதினொரு சிறு கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மீதும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியை வைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

இதே கதை அங்கோலாவில் அதற்கு முன்பே நடந்திருந்தது. 1998 டிசம்பர் 26 அன்று ஐ.நா. வாடகைக்கு எடுத்திருந்த ஹெர்குலிஸ் ரக விமானம் ஒன்று ஹுவாம்போ அருகே வீழ்த்தப்பட்டது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 2 அன்று அதே பகுதியில் இரண்டாவது. உக்ரைனிலும் அப்படித்தான். 2014 ஜூலை 14 அன்று, தோளேவுகணை எட்டவே முடியாத உயரத்தில் பறந்த அன்டனோவ் 26 ராணுவச் சரக்கு விமானம் கிழக்குப் பகுதியில் வீழ்ந்தது. அங்கே பெரிய ஏவுகணை இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சேதி தேவையில்லை. வான்வெளியை 32,000 அடி வரை மட்டும் மூடினார்கள். மூன்று நாள் கழித்து மலேசியப் பயணிகள் விமானமான எம்எச்17 33,000 அடியில் வந்தது. 298 பேர் இறந்தார்கள். அன்று அதே பகுதிக்கு மேலே, மூடப்படும்வரை, 160 பயணிகள் விமானங்கள் பறந்திருந்ததாக டச்சுப் பாதுகாப்பு வாரியம் எண்ணிச் சொன்னது. அந்த 160 விமானங்களின் பயணத் திட்டத்தை எழுதிய ஒவ்வொருவரும் 'மற்றவர்கள் போகிறார்களே' என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வான்வெளி திறந்திருக்கிறது என்பது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. மூடவில்லை என்று மட்டுமே பொருள். மூடினால் பறப்புக் கட்டணம் போகும், நாட்டின் கௌரவம் போகும், அதனால் கடைசிவரை மூடமாட்டார்கள். 2020 ஜனவரி 8 அன்று, ஈராக்கில் உள்ள அமெரிக்கத் தளங்கள்மீது ஈரான் ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில், டெஹ்ரானிலிருந்து பயணிகள் விமானங்கள் வழக்கம்போலப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. உக்ரைன் விமானத்தில் 176 பேர் ஈரானின் வான்காப்புப் படையால் இறந்தார்கள். ஆகவே பறக்கும் இடத்தின் அறிவிப்பை மட்டும் படிக்காமல், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை போர்ப் பகுதிகள் குறித்து வெளியிடும் தகவல் தாளையும், அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் அரசுகள் தங்கள் விமானங்களுக்கு விதித்திருக்கும் உயரத் தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நான்கு தரப்புகள் நான்கு விதமாகச் சொன்னால், அவற்றில் மிகக் கடுமையாகச் சொல்வது யார், அவர்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கீழே இருப்பவருக்கு நாம் வருவது தெரியாமல் போவதும் அதே அளவு கொடியது. 2020 மே 4 அன்று கொரோனா மருத்துவப் பொருள்களோடு சோமாலியாவின் பைதோவாவிலிருந்து பர்தாலே என்ற சிறு ஓடுபாதைக்குப் போன எம்ப்ரயர் 120 விமானத்தை, அந்த இடத்தில் இருந்த எத்தியோப்பியத் துருப்புகளே சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். விமானம் வருவது தங்களுக்குச் சொல்லப்படவில்லை, அது தாழ்வாக, வழக்கமில்லாத விதத்தில் பறந்ததால் தற்கொலைத் தாக்குதல் என்று நினைத்தோம் என்று எத்தியோப்பியத் தரப்பு பின்னர் விளக்கம் தந்தது. தலைநகரில் அனுமதி வாங்கியாகிவிட்டது என்பது, ஓடுபாதை ஓரத்தில் துப்பாக்கியோடு நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு எதையும் சொல்வதில்லை. தெற்கு சூடானில் பறந்தபோது நாங்கள் பின்பற்றிய முறை இதுதான்: புறப்படுவதற்குச் சற்று முன்பு, இறங்கும் இடத்தில் இருக்கும் நம் ஆள் ஒருவரைச் செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைத்து, அங்கே யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அந்தப் படையின் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கிறாரா, நம் விமானத்தின் நிறமும் என்ஜின் எண்ணிக்கையும் அவருக்குச் சொல்லப்பட்டதா என்று கேட்போம். பொறுப்பாளரின் குரலையே கேட்காமல் கதவை மூடுவதில்லை. ஒருமுறை, காலையில் பேசிய பொறுப்பாளர் மதியம் அங்கே இல்லை, ஊரே கைமாறியிருந்தது. புறப்படும் முன் மறுபடி அழைத்ததால் தப்பினோம்.

தரையில் கழியும் நேரத்தைப் பற்றி நிறைய சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாக்தாதில் ஒருமுறை சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது மோர்டார் குண்டு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. உடன் இருந்த இளைஞர் ஒருவர் ஓடிப்போய் விமானத்தின் இறக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டார். நிழல் இருக்கும் இடம் பாதுகாப்பான இடம் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. அவருடைய தலைக்கு மேலே இருபது டன் எரிபொருள் இருந்தது. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு காங்கிரீட் மறைப்புக்கு ஓடினோம். அன்றிலிருந்து, இறங்கியதும் முதல் வேலையாக, கயிறு ஒன்றை அவிழ்க்கும் முன்பே, அருகில் உள்ள மறைப்பு எங்கே என்று எல்லோரையும் விரலால் காட்டச் சொல்வேன். பாதை கான்கிரீட்டாக இருக்கும்வரை மட்டுமே நடக்க வேண்டும். ஓரத்து மணலில் சிறுநீர் கழிக்கப் போவதுகூட வெடிக்காத குண்டின்மேல் போய் நிற்பதாக முடியலாம்.

2023 செப்டம்பருக்குப் பின் நிலைமையில் புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது. அப்போது நான் பறப்பதை விட்டு, பயணத் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வடக்கு ஈராக்கில், ஈரான் எல்லையை ஒட்டிய வழித்தடத்தில் பறந்த விமானங்களுக்கு ஜிபிஎஸ் பொய் சொல்லத் தொடங்கியது. சமிக்ஞை மறைவது பழைய தொல்லை. அது மறைந்தால் மறைந்தது என்று தெரியும். இது அப்படியல்ல: விமானம் ஓரிடத்தில் இருக்க, கருவி எண்பது கடல்மைல் தொலைவில் இன்னோரிடத்தைக் காட்டும், அதையே உண்மை என்று நம்பி மற்றக் கருவிகளும் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஒரு சிறு ஜெட் விமானம் அனுமதியின்றி ஈரானுக்குள் நுழையும் தறுவாய்வரை போனது. கடிகாரம் தப்பாகும், தரையே இல்லாத இடத்தில் 'மேலே ஏறு' என்று எச்சரிக்கை அலறும். அந்தப் பொய் அலறலைப் பத்து முறை கேட்டுப் பழகிய விமானி, மலையடிவாரத்தில் பதினோராவதாக வரும் உண்மை அலறலையும் அணைத்துவிடக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை. எங்கள் விமானிகளுக்கு நான் எழுதிக் கொடுத்தவை பழைய காலத்துப் பழக்கங்கள்: அந்தப் பகுதிக்குள் நுழையும் முன்பே மற்றக் கருவிகளை ஜிபிஎஸ்ஸின் திருத்தத்திலிருந்து பிரித்துவிடுங்கள், தரைநிலைய வானொலிக் கருவிகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள், கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் தெளிந்தது என்று தாளில் குறித்து, இறங்கியதும் எனக்கு அனுப்புங்கள். அந்தக் குறிப்புகளை எங்களுக்குப் போட்டியான நிறுவனங்களின் அலுவலகங்களுக்கும் நான் அனுப்பினேன். முதல் வாரத்தில் மேலதிகாரி ஒருவர் ஏன் என்று கேட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து அவர்களுடைய குறிப்புகளும் எங்களுக்கு வரத் தொடங்கியதால் அவர் பிறகு கேட்கவில்லை.

பறக்க மறுக்கும் உரிமை தலைமை விமானிக்கு உண்டு என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கும். அந்த உரிமையைப் பயன்படுத்தியவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு நிறுவனத்தை அளக்க வேண்டும். வேலைக்குச் சேரப்போகும் இளைஞர்கள் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் கேட்ட பிறகு, கடைசியாக எந்தப் பயணத்தை யார் மறுத்தார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும். கூடவே, தங்கள் பெயர் போர் அபாயக் காப்பீட்டுத் தாளில் இருக்கிறதா என்பதையும் தாளைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்துகொள்ளட்டும். விமானத்துக்குக் காப்பீடு இருந்து, லோட்மாஸ்டருக்கு இல்லாமல் போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

2005இல் தேநீர்க் கடையில் நான் பார்த்துப் பேசாமல் வந்த அந்த விமானப் பொறியாளரை, நான்கு ஆண்டுகள் கழித்து நைரோபியில் ஓர் ஓட்டலில் சந்தித்தேன். தலை முழுதும் நரைத்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனதில் இருந்ததை இறக்கிவைத்துவிடலாம் என்று, சக்கர அறைத் தகட்டில் இருந்த ஓட்டையைப் பற்றியும், அன்று மாலை அவரிடம் சொல்லாமல் இருந்ததைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு வாலில் பட்டது" என்றார். "உங்களுக்கு மூன்று நாள் முன்னால்."